குளிர்காயும் உரிமை

ஹிதாயாவில் கூட்டு வாணிபப் பாடத்தை நடத்தும்போது ஆண்டுதோறும் ஓரிடத்தில் மாணவர்கள் புன்முறுவல் பூப்பதை நாம் கண்டு வருகின்றோம். முதலீடு, இலாபம், பங்குப் பிரிவினை என்று பெருநடையாகச் சென்றுகொண்டிருக்கும் நூல், திடீரென்று காட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. இருவர் கூட்டுச் சேர்ந்து விறகு பொறுக்கினால் அவ்விறகு யாருக்கு உரியது? ஒருவன் வேரோடு பிடுங்க, மற்றவன் திரட்டினால் என்ன? ஒருவனே பிடுங்கித் திரட்ட, மற்றவன் சுமந்து மட்டும் வந்தால் என்ன? ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் இவற்றை அவசரமின்றி ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கின்றார்கள். எரிவாயு அடுப்பு ஏறாத வீடில்லாத இக்காலத்தில் இந்தச் சுள்ளி ஆராய்ச்சி எதற்கு என்பதே மாணவர்தம் புன்முறுவலின் பொருள்.

சட்டம் இதுதான். ஒருவருக்கும் உடைமையாகாத காட்டிலும் மலையிலும் உள்ள விறகு 'முபாஹ்', அதாவது எல்லார்க்கும் ஆகுமானது. அதை எவன் கையால் எடுத்துத் தன் வசப்படுத்துகின்றானோ, அவனுக்கே அது சொந்தம். வசப்படுத்தும் அச்செயலுக்கு 'இஹ்ராஸ்' என்று பெயர். எடுத்த கையே உரிமையை உண்டாக்குவதால், அதில் கூட்டும் செல்லாது. முகவர் வைத்துக்கொள்வதும் செல்லாது. துணை நின்றவனுக்குப் பங்கு இல்லை. ஆனால் அவன் உழைப்புக்குத் தக்க கூலி உண்டு. அக்கூலி விறகின் விலையிற் பாதியைத் தாண்டலாகாது என்பது இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் முடிவு. எவ்வளவானாலும் முழுக்கூலியும் கொடுத்தே தீரவேண்டும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் முடிவு. ஹன்பலீ மத்ஹபினர் இத்தகைய கூட்டைச் செல்லும் என்பர். நம் கடற்கரை ஊர்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபிலோ உடலுழைப்புக் கூட்டே செல்லாது. கருத்து வேறுபாடு அவ்வளவில் நிற்க. ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவரும் ஓர் ஏழையின் கூலி பாதியா, முழுமையா என்று இரண்டு பேரிமாம்கள் வழக்காடியிருக்கின்றார்கள். அதற்குக் காரணம் இல்லாமற் போகாது.

விறகென்றதும் நமக்கு அடுப்பு நினைவுக்கு வருகின்றது. நம் நாடு வெப்ப நாடு. மார்கழிப் பனியில் வைக்கோலைக் கொளுத்திக் கையை நீட்டுவதற்கு மேல் நாம் அறிந்த குளிர் குறைவு. சட்டநூல்கள் பிறந்த நிலமோ வேறு. ஹிதாயாவின் ஆசிரியர் பிறந்த மர்கீனானும், இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் சிறையிருந்த உஸ்ஜந்தும் மத்திய ஆசியாவின் ஃபர்கானா நாட்டில் உள்ளவை. பனி உறையும் நாடு அது. அங்கே விறகு இல்லாத வீட்டில் சோறு இல்லாமற் போவதோடு முடிவதில்லை. குழந்தை விடியுமுன் விறைத்துப் போகும். அரபுப் பாலையிலும் பகல் எரிப்பதைப் போலவே மாரிக்கால இரவு நடுக்கும். 'களா' என்னும் பாலைமரத்தின் தணல் நெடுநேரம் அவியாது கிடக்கும் என்பதால் அதை உவமையாக்காத பழைய அரபுக் கவிஞர் அரியர்.

மூஸா (அலை) அவர்கள் மத்யனிலிருந்து குடும்பத்தோடு திரும்புகையில் தூர் மலைப்பக்கம் நெருப்பைக் கண்டதைத் திருமறை கூறுகிறது. வழியறிந்து வரவும், ஒரு கொள்ளியேனும் கொண்டுவந்து குடும்பத்தார் குளிர்காயவும் அவர்கள் எண்ணினார்கள். நபித்துவத்தைத் தேடி அவர்கள் மலையேறவில்லை. வீட்டாரின் குளிர் போக்கத் தீயைத் தேடியே ஏறினார்கள். அந்நம்ல், அல்கஸஸ் ஆகிய இரண்டு அத்தியாயங்களிலும் குளிர்காய்தலுக்கு ஆளப்பெறும் வினை 'இஸ்திலா' என்னும் சொல்லின் வழிவந்தது. இச்சொல்லை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். சட்டநூலில் மீண்டும் இதனைச் சந்திப்போம்.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் கூட்டாளிகள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூத், இப்னு மாஜா முதலிய தொகுப்புகளில் வருகின்றது. தண்ணீரும் புல்லும் விளங்குகின்றன. நெருப்பிற் கூட்டு என்றால் என்ன? இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள் 'மப்ஸூத்' என்னும் தம் பெருநூலில் விளக்குகின்றார்கள். திறந்த வெளியில் ஒருவன் தீ மூட்டினால், அத்தீயில் குளிர்காயவும், நனைந்த ஆடையை உலர்த்தவும், அதன் வெளிச்சத்தில் வேலை செய்யவும் எவருக்கும் உரிமை உண்டு, மூட்டியவன் தடுக்கலாகாது. ஆனால் தணலை அள்ளிச் செல்ல அவன் இசைவு வேண்டும்; தணல் என்பது அவன் சுமந்து வந்த விறகு. குளிர்காய்தல் என்பதற்கு அங்கே ஆளப்பெற்ற சொல் அதே 'இஸ்திலா'. வெப்பம் பொது, கட்டை தனியுடைமை என்று இத்துணை நுட்பமாகக் கோடு கிழித்த அப்பெருமகனார், அந்நூலின் பெரும்பகுதியை உஸ்ஜந்துச் சிறையில், ஒரு பாழ்ங்குழிக்குள் இருந்தவாறே, மேலே சூழ்ந்திருந்த மாணவர்க்கு வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். குழிக்குள் அவர்களுக்குத் தீ கிடைத்ததோ இல்லையோ, யாம் அறியோம்.

விறகு சுமப்பவன் நிலையையும் பெருமானார் (ஸல்) அவர்களே உயர்த்தினார்கள். நம் பிள்ளைகள் ஓதத் தொடங்கும் நாளிலேயே மனப்பாடம் செய்யும் 'தப்பத் யதா' அத்தியாயத்தில் விறகு சுமக்கும் ஒருத்தி வருகின்றாள். அவள் கழுத்திற் கயிறும் வருகின்றது. இழிவின் அடையாளம் அது. அதே கயிறும் அதே சுமையும் புகாரீயின் ஹதீதொன்றிற் கண்ணியத்தின் அடையாளமாய் மாறிவிடுகின்றன. கயிற்றை எடுத்துச் சென்று முதுகில் விறகு சுமந்து விற்றுப் பிழைப்பது, கொடுத்தாலும் மறுத்தாலும் பிறரிடம் கையேந்தி நிற்பதினும் மேல் என்பது அதன் கருத்து.

அபூதாவூதில் இன்னொரு செய்தி உண்டு. யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டிலிருந்ததெல்லாம் ஒரு முரட்டுத் துணியும் ஒரு நீர்க்கோப்பையும். துணியிற் பாதியை விரித்துப் பாதியைப் போர்த்துக்கொள்வது அவ்வீட்டாரின் வழக்கம். குளிருக்கு அவர்களிடம் இருந்த காப்பு அவ்வளவே. இரண்டையும் பெருமானார் (ஸல்) அவர்கள் ஏலமிட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒன்றுக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அக்கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு மாட்டிக் கொடுத்து, பதினைந்து நாள் கண்ணிற் படாதே, போய் விறகு வெட்டி விற்றுவா என்று அனுப்பினார்கள். அவர் பத்துத் திர்ஹத்தோடு திரும்பினார். இதன் அறிவிப்பாளர் தொடரில் ஒருவரைப் பற்றி ஹதீதுக்கலை அறிஞர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர், மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் முன் சொன்ன கயிற்று ஹதீதின் வலுவில் ஐயம் இல்லை. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

முபாஹ் என்றால் வரம்பில்லை என்று எண்ணிவிடலாகாது. மக்காப் புனித எல்லையில் முட்செடியும் வெட்டப்படலாகாது என்று தடை விதித்தபோது, 'இத்கிர்' புல்லுக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள் அப்பாஸ் (ரலி) அவர்கள். கொல்லர்க்கும் வீடுகட்கும் அது வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விலக்கும் தரப்பட்டது. மதீனா எல்லையில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அடிமையின் உடைமையை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் பறித்துக்கொண்டு, அவன் எசமானர் வந்து கேட்டும் திருப்பித்தர மறுத்தது முஸ்லிமில் உள்ளது. பசுமரத்துக்குக் காவல், பட்டுவிழுந்த சுள்ளிக்குச் சலுகை என்பதே சட்ட அறிஞர் பலரின் நோக்கு.

இதில் ஏழையின் அனுபவ அறிவும் ஒத்துவருகின்றது. பச்சை மரத்தை வெட்டியவுடன் எரித்தால் எவ்வளவு தீ எழும்? அதன் எடையிற் பாதி அளவுக்கு நீரே இருக்கக்கூடும். எரியும் வெப்பம் அந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். வீட்டில் எஞ்சுவது புகையும் கண்ணீருமே. ஆகவே இலையுதிர்ந்து மரத்தின் நீரோட்டம் தணிந்த மாரிக்காலத்தில் வெட்டி, பிளந்து, தரை ஈரம் படாமல் அடியில் கட்டை கொடுத்து, காற்றுப் புக இடைவெளிவிட்டு அடுக்கி, மேலே மட்டும் மழை மறைத்து, ஓராண்டோ ஈராண்டோ காயவைப்பது குளிர்நாட்டார் வழக்கம். இந்த மாரிக்கு வெட்டுவது அடுத்த மாரிக்கு. விறகு வெட்டும் உரிமை ஓராண்டு பறிபோனால் அதன் துயரம் மறு ஆண்டில் தெரியும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அனத்தோலியாவின் மாரி கொடியது. தப்துக் எம்ரே என்னும் ஞானியின் தர்காவுக்கு நாற்பதாண்டு விறகு சுமந்த யூனுஸ் எம்ரே, அவ்வாயிலினுள் கோணற்கட்டை ஒன்றும் நுழையலாகாது என்று நேர்க்கட்டைகளையே தேர்ந்தெடுத்து வந்தார் என்னும் மரபுக்கதை துருக்கியர் நாவில் இன்றும் வழங்குகின்றது. எளியோர் வீடுகளில், தணல் இட்ட குழியின்மேல் குறும்பலகை வைத்து அதன்மேல் பஞ்சுப் போர்வை விரித்து, குடும்பத்தார் சுற்றி அமர்ந்து கால்களைப் போர்வைக்குள் நீட்டிக் குளிர்காய்வார்கள். அந்நாட்டில் 1858-ஆம் ஆண்டின் உதுமானிய நிலச்சட்டம், ஊருக்கென விடப்பட்ட விறகுக்காட்டைப் 'பால்தாலிக்' என்றது. 'பால்தா' என்றால் துருக்கியிற் கோடரி. எந்த ஊருக்கும் ஒதுக்கப்படாத மலைகளை அச்சட்டம் 'ஜிபாலே முபாஹா' என்றே அழைத்தது. ஹிதாயாவின் சொல் அரசாணைக்குள் வந்து அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே பிரெஞ்சு வனவியலார் இஸ்தான்பூலுக்கு வரவழைக்கப்பட்டிருந்தனர். 1870-இல் வந்த வன ஒழுங்குமுறை காடுகளை அரசுக்காடு, வக்ஃபுக்காடு, ஊர்க்காடு, தனியார்காடு என்று வகுத்தது. வீட்டுத் தேவைக்கு எடுக்கும் சலுகை மிஞ்சியது. எல்லார்க்கும் ஆகுமான மலை என்னும் பழைய வகை அப்பட்டியலில் இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்ததையும் நோக்குவோம். அங்கே 1217-இல் சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் 'வனச் சாசனம்' ஒன்று வழங்கப்பட்டது. அரசன் காடுகளில் குடிமக்களுக்கிருந்த பழைய உரிமைகளை அது உறுதிசெய்தது. வீட்டுத் தேவைக்கு விறகும் மரமும் எடுக்கும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் தனிப்பெயர் பெற்று நிலைத்தது. 1662-இல் ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி விதித்தார்கள்; வெறுப்பு மிகுந்து 1689-இல் அதை எடுத்துவிட்டார்கள். குளிர்காய்வதற்கும் வரி கேட்ட அரசு அது.

இலண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் வனம் உள்ளது. அதன் ஓரத்து ஊர் லௌட்டன். அவ்வூர் மக்களுக்கு நவம்பர் 11-ஆம் நாள் நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரை வனத்து மரங்களின் கிளைகளைக் கழித்து விறகாக்கிக்கொள்ளும் உரிமை இருந்தது. அடிமரத்தைத் தொடலாகாது, ஆளுயரத்துக்கு மேலே கழித்தல் வேண்டும். மாடும் மானும் எட்டாத உயரத்தில் தளிர் மீண்டும் வெடிக்கும். சில ஆண்டுகளில் அதே மரம் மீண்டும் விறகு தரும். முந்நூறு ஆண்டாயினும் மரம் சாவதில்லை. ஆண்டுதோறும் அந்த நள்ளிரவில் எவரேனும் ஒருவர் கோடரியை ஓச்சித் தொடங்கிவைக்காவிட்டால் உரிமையே அற்றுப்போகும் என்பது ஊரார் நம்பிக்கை. அவ்விரவில் நிலக்கிழார் ஊராரை விருந்துக்கழைத்து மதுவில் மயக்க முயன்றதாகவும், ஒரு கிழவர் மட்டும் நழுவிச் சென்று கிளையொன்றை வெட்டிக் கையிலேந்தித் திரும்பியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதையின் உண்மை எப்படியாயினும் கிழவர் உண்மை. அவர் பெயர் தாமஸ் வில்லிங்கேல்.

1860-களின் நடுவில், அவ்வூர்க் கிறித்தவக் கோயிலின் குருவாகவும் நிலக்கிழாராகவும் ஒருங்கே இருந்தவர் வனத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலியிட்டார். எழுபதைக் கடந்த வில்லிங்கேல் வேலிக்குள்ளும் வழக்கம்போற் கிளை கழித்தார். 1866-இல் அவர் மகனும் உறவினர் இருவரும் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்தனர். சிறையின் ஈரக்குளிர் தாக்கி அவர்களில் ஒருவர் மாண்டார் என்று அவ்வூர் வரலாறு கூறுகின்றது. வீட்டுக் குளிருக்கு விறகு வெட்டியவன் குளிரிலேயே இறந்தான். 1865-இல் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் துணைநிற்க, கிழவர் வழக்குத் தொடுத்தார். விலைபேசியும் அவர் மசியவில்லை என்பர். 1870-இல் அவர் இறந்ததும் வழக்கு நின்றுபோயிற்று. இலண்டன் மாநகராட்சி வேறொரு வழக்கை எடுத்து நடத்தியது. அம்மாநகராட்சிக்கு வனத்தில் உரிமை வந்த வழி வியப்பானது; இடுகாட்டுக்கென வாங்கிய நிலத்தோடு மேய்ச்சலுரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது! 1874-இல் நீதிபதி ஜெஸ்ஸல் வேலிகள் செல்லா என்றார். 1878-இல் எப்பிங் வனச் சட்டம் நிறைவேறி, ஏறத்தாழ 6,000 ஏக்கர் மக்களுக்கென நிலைத்தது. கிளை கழிக்கும் உரிமை மட்டும் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக அளிக்கப்பட்ட 7,000 பவுனில் ஊராருக்கு ஒரு மன்றம் எழும்பி 1884-இல் திறக்கப்பட்டது. 'கிளைகழிப்பு மன்றம்' என்பதே அதன் பெயர். கழிக்காது விட்ட மரங்களோ பின்னர்த் தலைபாரம் தாங்காமற் பிளக்கத் தொடங்க, வனத்தைக் காப்போரே அண்மைக் காலத்தில் மீண்டும் கிளை கழிக்கின்றனர்.

1878 என்னும் ஆண்டை வாசகர் மறவாதிருக்க வேண்டும். அதே ஆண்டு, அதே மகாராணியின் ஆட்சியில், இந்திய வனச் சட்டமும் நிறைவேறிற்று. அங்கே வேலி அகற்றப்பட்ட ஆண்டில் இங்கே வேலி நடப்பட்டது. சென்னை மாகாணம் அச்சட்டத்தை உடனே ஏற்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மாகாணத்துக் காடுகளில் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் வாராத காடு அரிது. ஊராரின் உரிமை சலுகையன்று, உடைமையே ஆகும் என்ற கருத்தினை 1871-இலேயே வருவாய் வாரியம் எழுதியிருந்தது. ஆங்கில அதிகாரிகளே எழுதியது இது! ஆயினும் வனத்துறைத் தலைவர் பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார்; 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்டபின், தலைச்சுமை விறகுக்கும் சீட்டு வேண்டியதாயிற்று. எவருக்கும் 7,000 பவுன் கொடுத்ததாக ஏட்டில் இல்லை. மக்கள் முறையீடு மிகுந்தபின் 1913-இல் ஒரு வனக் குழு ஊர்த்தேவைக்கான காடுகளைப் பஞ்சாயத்துகளிடம் விடலாம் என்று பரிந்துரைத்தது.

இதில் ஒரு விந்தை உண்டு. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்திலேயே கும்பினி அரசு ஹிதாயாவை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து, சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1791-இல் இலண்டனில் நான்கு தொகுதிகளாக வெளியாகியிருந்தது. விறகு பொறுக்கும் அப்பாடம் அவர்களின் நூலகத்திலேயே இருந்தது. நிக்காஹ் வழக்குகளுக்கு அந்நூலைப் புரட்டியவர்கள், காட்டுக்கு மட்டும் புரட்டவில்லை.

நம் மாகாணத்திலும் அடுப்புக்கன்றிக் கணப்புக்கே விறகு தேடிய ஊர் ஒன்றுண்டு. அது உதகமண்டலம். ஆங்கிலேயர் மாளிகைகளின் கணப்புகளுக்காகச் சுற்றியிருந்த சோலைகள் வெட்டுண்டன. விறகுத் தட்டுப்பாடு தோன்றவே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைலமரமும் வந்தன. 1843-இல் கொணர்ந்த தைலமரம் 1863 முதல் அரசுத் தோப்பாகவே நடப்பட்டது. தோதவரின் புல்வெளிகளிற் பல அவ்வாறு விறகுத் தோப்புகளாய் மாறியதன் தீங்கை இன்று வனத்துறையே ஒப்புக்கொண்டு சீகையைக் களைந்து வருகின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவனப் பொருள் என்பதில் புதர் விறகையும் அடிக்கட்டையையும் சேர்த்து, வனவாசிகளுக்கு அவற்றில் உரிமையை ஏற்றுள்ளது.

சென்ற ஆண்டு இப்பாடத்தின்போது மாணவர் ஒருவர் எழுந்து நல்லதொரு கேள்வி கேட்டார். சவூதி அரேபியாவில் பாலைநிலம் பெருகுவதைத் தடுக்க, உள்நாட்டு மரங்களை விறகுக்காக வெட்டுவதும் விற்பதும் தண்டனைக்குரியனவாக்கப்பட்டுள்ளன. மாரிக்காலத்தில் அங்கே குளிர்காய இறக்குமதி விறகே விற்கப்படுகின்றது. முபாஹ் என்னும் சொல் பிறந்த மண்ணிலேயே அது செல்லாதாகிவிட்டதா என்பது அவர் வினா. பொதுநலன் கருதி ஆட்சியாளர் தடைவிதிப்பது சட்டத்துக்குப் புறம்பன்று. மதீனா எல்லையின் மரங்களை நினைத்துக்கொள்க என்றோம். அவர் விடவில்லை. அத்தடை கூடாரத்திலுள்ள கிழவிக்கும் பொருந்துமா என்றார்.

உமர் (ரலி) அவர்கள் காப்பு மேய்ச்சல் நிலத்துக்கு ஹுனை என்பாரைக் காவலராக அமர்த்தியபோது இட்ட கட்டளையை அவருக்கு எடுத்துக் காட்டினோம். புகாரீயில் உள்ளது. சில ஒட்டகமும் சில ஆடும் உடைய எளியவனை உள்ளே விடு; இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே; அவர்கள் கால்நடை அழிந்தாலும் பேரீச்சந்தோட்டத்துக்கும் பயிருக்கும் திரும்பிக்கொள்வார்கள்; எளியவனோ தன் பிள்ளைகளோடு என் வாயிலில் வந்து நிற்பான் என்பது அதன் கருத்து. பெயர் குறிப்பிடப்பட்ட இருவரும் சுவர்க்க நன்மாராயம் பெற்ற பெருந்தோழர்கள் என்பதை மாணவர்க்கு நினைவூட்டினோம். அவ்வாண்டு முதல் ஹிதாயாவின் விறகுப் பாடத்தோடு அந்த ஹதீதையும் சேர்த்தே நடத்தி வருகின்றோம்.